நகரப் பண்ணையில் பள்ளிப் பிள்ளைகள்: வேடிக்கை பார்ப்பதும் வேலை செய்வதும்

முப்பது பிள்ளைகளை ஒரு பண்ணைக்குக் கூட்டிப்போய், இது ஆடு, இது கோழி, இது பன்றி என்று வரிசையாகக் காட்டி, மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க வைத்து, மூன்று மணிக்குள் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து விட்டால் அது ஒரு நல்ல சுற்றுலா. அதே முப்பது பேரிடம் "இந்தத் தொழுவத்தை இன்னும் யாரும் கூட்டவில்லை, ஆடுகள் வெளியே நிற்கின்றன, பதினோரு மணிக்குள் உள்ளே விட்டாக வேண்டும்" என்று சொல்லி, ஆளுக்கொரு மண்வெட்டியோ துடைப்பமோ கொடுத்தால் அங்கே நடப்பது வேறு. இரண்டுக்கும் வெளியிலிருந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது, பள்ளிக்கூடம் அனுப்பும் அனுமதிக் கடிதத்தில்கூட இரண்டுக்கும் ஒரே பெயர்தான் இருக்கும். ஆனால் பிள்ளை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவது ஒன்றல்ல. இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பிரிட்டனில், முக்கியமாக லண்டனில், ஐம்பது வருடமாக நடந்துவரும் நகரப் பண்ணைகளை வைத்து இதைச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு ஊரின் மக்களே நடத்தும் பண்ணையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்துக் கற்பிப்பதை இவ்வளவு நீண்ட காலம், இவ்வளவு நெருக்கடியான இடத்தில் செய்து பார்த்தவர்கள் அதிகம் இல்லை.

பண்ணை என்றதும் பத்து ஏக்கர், இருபது ஏக்கர் என்று மனசில் வரும். இவற்றில் பல இரண்டு ஏக்கர், நான்கு ஏக்கர் அளவுதான். சுற்றிலும் அடுக்குமாடிக் குடியிருப்பு, ஒரு பக்கம் ரயில் பாதை, இன்னொரு பக்கம் பஸ் போகும் சாலை. பெரும்பாலானவை தர்ம ஸ்தாபனமாகப் பதிவு செய்யப்பட்டவை, அந்தந்த வட்டாரத்து மக்கள் நிர்வாகக் குழுவில் இருப்பார்கள், சம்பளத்துக்கு இருப்பவர்கள் சிலர், தன்னார்வலர்கள் பலர். பெரும்பாலும் உள்ளே போகக் காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் நடந்து போகலாம். பள்ளிக்கூடத்திலிருந்து வகுப்பாக வந்தால் மட்டும் ஒரு கட்டணம்.

இவை எப்படி வந்தன என்பது முக்கியம், ஏனென்றால் இவை கற்பிக்கும் விதம் அங்கிருந்துதான் வருகிறது. முதல் பண்ணை 1972-ல் வடக்கு லண்டனின் கென்டிஷ் டவுனில் ஆரம்பித்தது. எட் பெர்மன் என்பவர் நடத்திய 'இன்டர்-ஆக்ஷன்' என்ற சமூகக் கலைக்குழு, கைவிடப்பட்ட ஒரு மரவாடியையும் அதையொட்டிய பழைய கட்டடங்களையும் எடுத்துக்கொண்டது. மறு வருடம் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் கிடந்த தரிசில் இன்னொன்று. அங்கே விலங்குகளைக் கட்டக் கொட்டகை இல்லாததால் ரயில்வேயின் பழைய சரக்குப் பெட்டிகளில் வைத்தார்கள், அதனால்தான் அதற்கு ஃப்ரெய்ட்லைனர்ஸ் என்று பெயர் (பிறகு ஹாலோவே பக்கம் மாறிவிட்டது, பெயர் மட்டும் கூடவே போனது). 1975-ல் ராதர்ஹைத் துறைமுகப் பகுதியில் சரே டாக்ஸ் பண்ணை, 1976-ல் பிரிஸ்டலில் வின்ட்மில் ஹில், 1978-ல் கிழக்கு லண்டனில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ், 1984-ல் ஹாக்னி. எல்லாம் ஏன் எழுபதுகளைச் சுற்றியே வந்தன என்று பார்த்தால் காரணம் நிலம்தான். லண்டனின் பழைய துறைமுகங்கள் 1967-லிருந்து ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன, ரயில்வே சரக்கு முற்றங்கள் காலியாயின, போரில் குண்டு விழுந்த இடங்கள் சில அப்படியே கிடந்தன, பழைய வீடுகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதற்குப் பணமில்லாமல் மனைகள் முள்ளும் குப்பையுமாக இருந்தன. அதைச் சுற்றி வாழ்ந்த பிள்ளைகளுக்கு விளையாட இடமில்லை.

இந்தக் கதைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது மட்ஷூட். தேம்ஸ் வளைந்து ஓடும் இடத்தில் ஐல் ஆஃப் டாக்ஸ் என்று ஒரு பகுதி, அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் மில்வால் துறைமுகத்தைத் தூர்வாரிய சேற்றைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து கொட்டிய மேடுதான் அது. இரண்டாம் உலகப்போரில் விமான எதிர்ப்புப் பீரங்கிகளை அதன்மேல் நிறுத்தினார்கள். போருக்குப் பின் புல் முளைத்துக் கிடந்தது. 1974-ல் அங்கே உயரமான குடியிருப்புகள் கட்டத் திட்டம் வந்தபோது அக்கம்பக்கத்து மக்கள் கூட்டம் சேர்ந்து எதிர்த்து, 1977-ல் ஒரு சங்கம் அமைத்து, அதைப் பூங்காவாகவும் பண்ணையாகவும் காப்பாற்றிவிட்டார்கள். இன்றைக்கு 32 ஏக்கர். செம்மறி ஆடு மேயும் புல்வெளியின் பின்னால் கனரி வார்ஃப் வங்கிக் கோபுரங்கள் நிற்கும். அந்தப் படத்தை நீங்கள் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள்.

1980-ல் இந்தப் பண்ணைகள் சேர்ந்து ஒரு தேசியக் கூட்டமைப்பை அமைத்தன, அது பல மாற்றங்களுக்குப் பிறகு 2018-லிருந்து 'சோஷியல் ஃபார்ம்ஸ் அண்ட் கார்டன்ஸ்' என்ற பெயரில் இருக்கிறது. ஆனால் அமைப்பு வருவதற்கு முன்பே, பாடத்திட்டத்தோடு பொருத்துவதற்கு முன்பே, அந்த இடங்களில் பிள்ளைகள் இருந்தார்கள். செங்கல் பொறுக்கவும் வேலி போடவும் தண்ணீர் சுமக்கவும் ஆள் வேண்டியிருந்தது, வந்தவர்கள் கையில் வேலை கொடுக்கப்பட்டது. பிள்ளைகள் கையால் செய்து கற்பது என்பது இங்கே யாரோ கல்வியாளர் எழுதிக்கொடுத்துப் பின்னால் சேர்த்த திட்டமல்ல. பண்ணைக்கு ஆள் தேவைப்பட்டது, அதுதான் ஆரம்பம். அந்தத் தேவை இருக்கும்வரை கற்றலும் இருக்கும், பண்ணை பளபளப்பாகி எல்லா வேலையையும் ஊழியர்களே காலை ஒன்பதுக்குள் முடித்துவிட்டு, பத்து மணிக்கு வரும் வகுப்புக்கு வேடிக்கை பார்ப்பதை மட்டும் மிச்சம் வைத்தால் கற்றல் போய்விடும் என்பது என் கருத்து. இதில் நான் உறுதியாகவே இருக்கிறேன்.

சரி, ஒரு வகுப்பு வந்தால் என்ன நடக்கும்? பத்து மணி வாக்கில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார்கள். முதலில் விதிகள்: ஓடக்கூடாது, கத்தக்கூடாது, வாயில் கை வைக்கக்கூடாது, வேலிக்குள் விரல் நீட்டக்கூடாது. அப்புறம் ஐந்து, ஆறு பேர் கொண்ட குழுக்களாகப் பிரிப்பார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்பது இங்கே பள்ளிக்கூடங்கள் பல காலமாகக் கடைப்பிடிக்கும் கணக்கு, அதனால் டீச்சர்கள் போதாமல் பெற்றோர்களும் சிலர் கூட வருவார்கள். ஒரு குழு தொழுவம் சுத்தம் செய்யும், ஒரு குழு கோழிக்கொட்டிலில் முட்டை எடுக்கும், ஒன்று தோட்டத்தில் களை பிடுங்கும், ஒன்று தீவனம் நிறுக்கும். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வார்கள். நல்ல பண்ணைகளில் ஒரு நாளைக்கு இரண்டு வேலை, அதிகம் போனால் மூன்று. ஏழெட்டு இடத்துக்குப் பத்துப் பத்து நிமிஷம் ஓடவைக்கும் பண்ணைகளும் உண்டு, அங்கே பிள்ளைகள் செய்வது வரிசையில் நிற்பதுதான்.

தொழுவம் சுத்தம் செய்வதை எடுத்துக்கொள்வோம். முதல் ஐந்து நிமிஷம் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், ஒருவன் குமட்டுகிறது என்பான், இன்னொருத்தி தொடவே மாட்டேன் என்பாள். யாரும் வற்புறுத்துவதில்லை, தள்ளுவண்டியைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். கால் மணி நேரத்தில் அவளே மண்வெட்டி கேட்பாள். இதற்குள் கேள்விகள் வந்துவிடும். ஈரமான வைக்கோலை மட்டும் ஏன் எடுக்கிறோம்? ஆடு ஏன் தான் படுக்கும் இடத்திலேயே கழிக்கிறது? இந்த வைக்கோலை அது தின்னாதா? இங்கே வைக்கோல் என்பது பெரும்பாலும் கோதுமை, பார்லித் தாள், படுக்கைக்குப் பயன்படும், தின்பதற்குக் காயவைத்த புல் தனியாக வரும். இரண்டும் மஞ்சளாக, கட்டாகத்தான் இருக்கும், ஆனால் கையில் எடுத்துக் கசக்கி முகர்ந்து பார்த்தால் ஒன்று வெற்றுத் தண்டு, மற்றது வாசனையுள்ள இலை. இதைப் புத்தகத்தில் படம் போட்டு எவ்வளவு விளக்கினாலும் நிற்காது, ஒருமுறை ஆட்டுக்கு முன்னால் தவறான கட்டைப் பிரித்துப் போட்டு, அது முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்வதைப் பார்த்த பிள்ளை மறக்காது.

ஆடு ஒன்றே ஒரு வருஷப் பாடத்துக்குப் போதும். இங்கிலாந்துப் பாடத்திட்டத்தில் நான்காம் வகுப்பு அறிவியலில் பற்களும் செரிமான மண்டலமும் வருகின்றன. ஆட்டின் மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது, கெட்டியான ஈறுதான் இருக்கும். உள்ளங்கையை விரித்துத் தீவனத்தை நீட்டும்போது அதை உதட்டிலும் நாக்கிலும் அள்ளுவதைப் பிள்ளையின் தோலே சொல்லிவிடும். அசைபோடும் ஆட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்தால் ஒரு வாய் விழுங்கியதும் கொஞ்ச நேரம் நிறுத்தும், அப்புறம் கழுத்தில் ஒரு உருண்டை கீழிருந்து மேலேறி வருவது வெளியிலேயே தெரியும். நான்கு அறை கொண்ட இரைப்பை என்று டீச்சர் அடுத்த வாரம் பலகையில் வரையும்போது பிள்ளைகள் அந்த உருண்டையை ஞாபகத்தில் வைத்துக் கேட்பார்கள். ஆட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம், பன்றிக்கு மூன்று மாதம் மூன்று வாரம் மூன்று நாள், கோழி முட்டை பொரிய 21 நாள். ஐந்தாம் வகுப்பில் விலங்குகளின் வாழ்க்கைச் சுழற்சி என்று ஒரு பாடம் இருக்கிறது, இந்த எண்கள் அங்கே உயிரோடு நிற்கும்.

முட்டை எடுப்பது எல்லாருக்கும் பிடிக்கும். சூடாக இருக்கிறதே என்று ஆச்சரியப்படுவார்கள். ஒரு கோழிக்கு ஒரு முட்டை உருவாகி வர ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகும், அதனால் தினம் அதே நேரத்துக்கு இடாது, குளிர்காலத்தில் வெளிச்சம் குறைந்தால் முட்டையும் குறையும். சேவல் இல்லாமலும் முட்டை வரும், ஆனால் குஞ்சு வராது. இது பல பெரியவர்களுக்கே தெரியாது. கூட வரும் பெற்றோர்கள் அந்த இடத்தில் பிள்ளைகளைவிட அதிகமாகக் கேள்வி கேட்பார்கள் என்று பண்ணையில் வேலை செய்பவர்கள் சொல்வதுண்டு.

அள்ளிய சாணியும் வைக்கோலும் எங்கே போகின்றன என்பதையும் காட்டவேண்டும், நிறையப் பேர் இங்கே விட்டுவிடுகிறார்கள். தள்ளுவண்டியைப் பிள்ளைகளே கம்போஸ்ட் குவியல்வரை தள்ளிக்கொண்டு போய்க் கொட்ட வேண்டும், நீண்ட வெப்பமானியை நடுவில் சொருகினால் 50, 60 டிகிரி காட்டும், ஜனவரிக் குளிரில் ஆவி வரும். யார் தீ வைத்தார்கள் என்று கேட்பார்கள். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தின்று தின்று சூடாக்குகின்றன என்ற பதிலை அந்த ஆவியின் முன்னால் நின்று கேட்பதற்கும் வகுப்பில் உட்கார்ந்து கேட்பதற்கும் உள்ள தூரம் அதிகம். பக்கத்திலேயே மட்கி முடிந்த பழைய குவியலைச் சல்லடையில் சலித்து, அந்த மண்ணில் ஒரு விதையை ஊன்றிவிட்டுப் போனால் காலையில் அள்ளியதற்கும் மாலையில் நட்டதற்கும் இடையிலான சங்கிலி அவர்கள் கை வழியாகவே போயிருக்கும்.

இதற்கெல்லாம் ஆதாரம் இருக்கிறதா என்று கேட்பது நியாயமான கேள்வி. பிரிட்டிஷ் ஊட்டச்சத்து அறக்கட்டளை 2013-ல் 27,500-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் நடத்திய கணக்கெடுப்பில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளில் 29 சதவீதம் பேர் சீஸ் செடியிலிருந்து வருகிறது என்றார்கள், உயர்நிலைப் பள்ளியிலேயே பத்தில் ஒருவர் தக்காளி மண்ணுக்கடியில் விளைகிறது என்றார். அதை வைத்துப் பத்திரிகைகள் பிள்ளைகளைக் கேலி செய்தன, அது சரியில்லை. பார்க்காததை எப்படித் தெரிந்துகொள்வார்கள்? ஆனால் தெரியாத தகவலைத் தெரிவிப்பதற்குப் பண்ணை தேவையில்லை, ஒரு படமே போதும். பண்ணை வேறெதையாவது செய்கிறதா என்பதுதான் கேட்கவேண்டியது.

லீட்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2014-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த விஷயத்தில் கவனிக்கத்தக்கது. பள்ளித் தோட்ட வேலை பிள்ளைகளைக் காய்கறி, பழம் கூடுதலாகத் தின்ன வைக்கிறதா என்று லண்டன் ஆரம்பப் பள்ளிகளில் பரிசோதித்தார்கள். தோட்ட வேலை மட்டுமே தின்பதைக் கூட்டும் என்பதற்குச் சான்று மிகக் குறைவு என்றுதான் முடிவு வந்தது. ஆனால் எந்தப் பள்ளிகள் தோட்டத்தை உண்மையாகவே தங்கள் வேலையாக்கிக்கொண்டு பல படிகள் முன்னேறினவோ, அங்கே பிள்ளைகள் நாளுக்குச் சராசரியாக 81 கிராம் காய்கறி, பழம் அதிகம் சாப்பிட்டார்கள். புள்ளியியல் கணக்குப்படி அந்த எண்ணின் உறுதி கொஞ்சம் விளிம்பில்தான் நிற்கிறது, பெரிதாக அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் திசை தெரிகிறது: தொட்டும் தொடாமலும் செய்தால் பலன் இல்லை, ஆழமாகச் செய்தால் ஏதோ நடக்கிறது. 2012 முதல் 2016 வரை தென்மேற்கு இங்கிலாந்தில் 125 பள்ளிகளில் நடந்த வெளிப்புறக் கற்றல் திட்டத்தில் பிள்ளைகளில் 95 சதவீதம் பேர் பாடம் இன்னும் மகிழ்ச்சியாக இருந்தது என்றார்கள். மகிழ்ச்சி நல்லது, ஆனால் வகுப்பைவிட்டு வெளியே வந்த எந்தப் பிள்ளையும் அதைத்தான் சொல்லும், அதனால் லீட்ஸ் முடிவுக்கு நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன்.

ஆழம் என்றால் எவ்வளவு? கிளேர், மைக்கேல் மார்பர்கோ தம்பதி 1976-ல் டெவன் மாவட்டத்தில் நெதர்காட் என்ற வீட்டில் ஆரம்பித்த 'ஃபார்ம்ஸ் ஃபார் சிட்டி சில்ட்ரன்' அமைப்பு ஒரு வாரம் என்று வைத்தது. கிளேரின் தந்தை பெங்குவின் பதிப்பகத்தை நிறுவிய ஆலன் லேன், அவர் விட்டுச்சென்ற பணத்தில்தான் அந்த வீட்டை வாங்கினார்கள். இருவரும் ஆசிரியர்களாக இருந்தவர்கள், வகுப்பறை மட்டும் போதவில்லை என்பதைப் பார்த்தவர்கள். நகரத்துப் பிள்ளைகள் டீச்சரோடு வந்து ஒரு வாரம் தங்கி, காலையில் சாப்பாட்டுக்கு முன்பே விலங்குகளுக்குத் தீவனம் வைத்து, மழையிலும் வேலை செய்து, மாலையில் மறுபடி போய்ப் பார்த்துவிட்டுத் தூங்குவார்கள். இந்த முறையில் முக்கியமானது மறுநாள். நேற்று நீ கதவைச் சரியாகத் தாழிடவில்லை, இன்று காலை கோழிகள் தோட்டத்தில் நிற்கின்றன. நேற்று நீ தண்ணீர் மாற்றினாய், இன்று தொட்டி காலி, அப்படியென்றால் குடித்திருக்கின்றன. செய்ததன் விளைவைத் திரும்பவும் பார்ப்பதற்கு நாள் வேண்டும். ஒரு நாள் வருகையில் இது கிடைக்கவே கிடைக்காது.

இங்கேதான் பக்கத்துத் தெருப் பண்ணையின் பலம் இருக்கிறது. டெவன்வரை வருடத்துக்கு ஒருமுறை போவதே பெரிய செலவு. நடந்து போகும் தூரத்தில் பண்ணை இருக்கும் பள்ளிக்கூடம் ஆறு வாரம் தொடர்ந்து செவ்வாய்க்கிழமை மத்தியானம் பத்துப் பிள்ளைகளை அனுப்பலாம், விதைத்தது முளைத்ததா என்று போய்ப் பார்க்கலாம், பிப்ரவரியில் வயிறு பெருத்து நின்ற செம்மறியை ஏப்ரலில் குட்டியோடு பார்க்கலாம். பல நகரப் பண்ணைகள் வகுப்பில் உட்கார முடியாமல் தவிக்கும் பிள்ளைகளுக்கென்றே இப்படி வாராவாரம் இடம் வைத்திருக்கின்றன. படிப்பில் பின்தங்கிய பிள்ளை இங்கே வந்தால் மாறிவிடும் என்று ஒரு கதை எப்போதும் சொல்லப்படும், அதை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு, எல்லாரும் மாறுவதில்லை, சிலருக்குச் சேறும் சத்தமும் விலங்கின் வேகமும் தாங்காது, சிலருக்கு வைக்கோல் தூசியில் மூச்சுத் திணறும். ஆனால் எழுதுவதற்கு முன் செய்ய வாய்ப்புக் கிடைத்தால் கைதேர்ந்தவராக நிற்கும் பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு, அந்தப் பிள்ளையை டீச்சர் முதல்முறையாக அந்த நிலையில் பார்ப்பது டீச்சருக்கு நல்லது.

அதனால்தான் பணித்தாள்களை எனக்குப் பிடிக்காது. கிளிப்போர்டில் ஒரு தாளைச் சொருகி "பார்த்த ஐந்து விலங்குகளின் பெயரை எழுதுக" என்று கொடுத்துவிட்டால் பிள்ளை தாளைப் பார்க்கும், ஆட்டைப் பார்க்காது. நனைந்த தாளும் தொலைந்த பென்சிலும் வேறு. எழுதுவது மறுநாள் வகுப்பில் நடக்கட்டும். அளவிடவேண்டுமென்றால் தராசைக் கையில் கொடுங்கள், ஒரு ஆட்டுக்கு இவ்வளவு தீவனமென்றால் ஏழு ஆட்டுக்கு எவ்வளவு என்று அவர்களே கணக்குப் போட்டு நிறுத்து வைக்கட்டும், தவறினால் கடைசி ஆட்டுக்கு மிச்சம் இருக்காது.

இனிக் கைகழுவும் விஷயம். இதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் போக முடியாது. 2009-ல் சரே மாவட்டத்தில் பார்வையாளர்களுக்கான ஒரு பண்ணையில் ஈ.கோலை ஓ157 என்ற கிருமி பரவி 93 பேர் பாதிக்கப்பட்டார்கள், அவர்களில் 76 பேர் பத்து வயதுக்கு உட்பட்டவர்கள், சிலருக்குச் சிறுநீரகமே பழுதாகும் நிலை வந்தது. மாடு, செம்மறி, வெள்ளாடு எல்லாம் இந்தக் கிருமியைக் குடலில் சுமந்துகொண்டு நோயின் அறிகுறியே இல்லாமல் ஆரோக்கியமாக இருக்கும், அதனால் "எங்கள் ஆடுகள் சுத்தமானவை" என்று யாரும் சொல்ல முடியாது. நோய் வர நூறுக்கும் குறைவான கிருமிகளே போதும். அதற்குப் பிறகு நடந்த விசாரணையின் பேரில் விதிகள் இறுகின: விலங்கைத் தொட்ட பிறகும், சாப்பிடுவதற்கு முன்பும், பூட்ஸைக் கழற்றிய பிறகும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். கையில் தடவும் ஜெல் இதற்கு மாற்றாகாது, அழுக்குப் படிந்த கையில் அது இந்தக் கிருமியை ஒழிக்காது. சாப்பிடும் இடம் விலங்குகளிடமிருந்து தள்ளி இருக்கவேண்டும். குட்டி போடும் காலத்தில் கர்ப்பிணிகள் செம்மறி ஆட்டுப் பக்கமே போகக்கூடாது, கருவைப் பாதிக்கும் நோய்கள் உண்டு, அதனால் துணைக்கு வரும் அம்மாக்களிடமும் டீச்சர்களிடமும் முன்கூட்டியே கேட்டுவைப்பார்கள்.

இவ்வளவு ஆபத்தென்றால் தொடவே விடாமல் இருக்கலாமே என்று நினைக்கத் தோன்றும். சில இடங்களில் அப்படித்தான் ஆகிவிட்டது, இரட்டை வேலி போட்டுத் தூர நின்று பார்க்கச் சொல்கிறார்கள். எனக்கு அது தவறான பாடமாகப் படுகிறது. சாணியில் என்ன இருக்கிறது, ஏன் கழுவுகிறோம், எவ்வளவு நேரம் கழுவவேண்டும் என்று தெரிந்துகொண்டு கழுவுவதும் அந்த நாளின் வேலைகளில் ஒன்றுதான், முப்பது பிள்ளைகளுக்கு ஐந்தாறு குழாய் இருக்கவேண்டும், வெந்நீர் வரவேண்டும், கழுவுவதற்கென்று கால் மணி நேரத்தை அட்டவணையில் ஒதுக்கவேண்டும். ஒரு பண்ணையின் தரத்தைப் பார்க்க விரும்பினால் ஆட்டுக்கொட்டிலுக்கு முன்பு குழாயடியைப் போய்ப் பாருங்கள்.

அடுத்து, பிள்ளைகள் தவறாமல் கேட்கும் கேள்வி: "இந்தப் பன்றியைத் தின்பீர்களா?" சில நகரப் பண்ணைகள் இறைச்சிக்காகவும் விலங்கு வளர்க்கின்றன, சில வளர்ப்பதில்லை. எப்படி இருந்தாலும் உண்மையான பதில் சொல்லவேண்டும் என்பதில் அனுபவமுள்ள பண்ணைக்காரர்கள் உறுதியாக இருக்கிறார்கள். கிழக்கு லண்டனில் இது இன்னும் நுணுக்கமானது, ஒரே வகுப்பில் பன்றியைத் தொடக்கூடாது என்று வளர்ந்த முஸ்லிம் பிள்ளை, மாமிசமே சாப்பிடாத இந்துப் பிள்ளை, தினம் பேக்கன் சாப்பிடும் பிள்ளை எல்லாரும் இருப்பார்கள். பன்றியைத் தொடாமல் தூர நின்று தண்ணீர்க் குழாயைப் பிடிக்கும் வேலையைக் கொடுத்தால் யாருக்கும் விலகி நிற்கவேண்டிய சங்கடம் இல்லை. பெரியவர்கள் பதற்றப்படாமல் இருந்தால் பிள்ளைகள் இதை அழகாகப் பேசிக்கொள்வார்கள். ஆடு செத்துப்போனாலும் அப்படித்தான். போன வாரம் பார்த்த கிழ ஆடு எங்கே என்று கேட்டால் வேறு பண்ணைக்குப் போய்விட்டது என்று சொல்வது பிள்ளைக்குச் செய்யும் உபகாரமில்லை.

ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பண்ணையில் கொத்தமல்லிக் குழு என்று ஒன்று இருக்கிறது. அந்த வட்டாரத்து வங்காளதேசப் பெண்கள் கூடிக் காய்கறி போடும் குழு அது. லண்டன் குளிரில் பசுமைக்குடிலுக்குள் சுரைக்காய் தொங்குவதைப் பார்க்கலாம். அங்கே வரும் வகுப்புப் பிள்ளைகளில் பலர் வீட்டில் அதைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஆனால் பள்ளிக்கூடம் கூட்டிப்போன இடத்தில் தங்கள் பாட்டி சமைக்கும் காய் மதிப்பாகக் கொடியில் தொங்குவதைக் காண்பது வேறு அனுபவம். பூவைத் திறந்து காட்டி எது ஆண், எது பெண் என்று சொல்ல டீச்சருக்குத் தெரியாமல் போகலாம், அந்தப் பாட்டிமாருக்கு நன்றாகத் தெரியும். மக்கள் நடத்தும் பண்ணைக்கும் வியாபாரத்துக்கு நடத்தும் பண்ணைக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவும் எப்போதும் நூலிழையில்தான் தொங்குகிறது, காரணம் பணம். தீவனம், கால்நடை மருத்துவர், இன்சூரன்ஸ், சம்பளம் எல்லாம் தினச்செலவு, வாசலில் கட்டணம் இல்லை. நன்கொடை, நகராட்சி மானியம், சின்ன உணவகம், பள்ளி வகுப்புகளின் கட்டணம், இவற்றைச் சேர்த்துத்தான் வண்டி ஓடுகிறது. இடையில் நோய்கள் வரும். 2001-ல் கோமாரி நோய் பரவி நாடெங்கும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் கொல்லப்பட்டபோது நகரப் பண்ணைகளும் கதவை மூடவேண்டியிருந்தது. பறவைக் காய்ச்சலால் 2022 நவம்பர் 7 முதல் 2023 ஏப்ரல் 18 வரை இங்கிலாந்தில் கோழிகளை வெளியே விடவே தடை, முட்டை எடுக்கும் வேலையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியவில்லை. எடின்பரோவின் கோர்கி பண்ணை 1982-லிருந்து நடந்தது, 2019 கடைசியில் பணமில்லாமல் மூடியது, மக்கள் ஒரு லட்சம் பவுண்டுக்கும் மேல் திரட்டிக் காப்பாற்றினார்கள், வேறொரு தர்ம ஸ்தாபனம் ஏற்று நடத்தியது, ஆனாலும் 2023 ஜனவரியில் மறுபடி மூடிவிட்டது. தமிழர்கள் நிறைய வாழும் ஈஸ்ட் ஹாமுக்குப் பக்கத்திலேயே பெக்டனில் 1977-லிருந்து இருந்த நியூஹாம் நகரப் பண்ணை, 2020-ல் கொரோனாவுக்காக அடைத்த கதவை அப்புறம் மக்களுக்குத் திறக்கவேயில்லை. நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் முதல் ஆட்டைத் தொட்டது அங்கேதான் இருக்கும்.

பள்ளிக்கூடங்கள் பக்கமும் காசுதான் தடை. தனி பஸ் பிடித்தால் அதற்கே பெரும் பணம் போய்விடும். லண்டனில் ஒரு வசதி இருக்கிறது, பள்ளிக் குழுக்கள் முன்கூட்டியே பதிந்துகொண்டால் நெரிசல் இல்லாத நேரத்தில் பொதுப் போக்குவரத்தில் இலவசமாகப் போகலாம். மட்ஷூட்டுக்கு அந்தப் பெயரிலேயே டி.எல்.ஆர். என்ற உள்ளூர் ரயிலின் ஸ்டேஷன் உண்டு, இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். இது தெரியாத பள்ளிக்கூடங்கள் இன்னும் இருக்கின்றன, பெற்றோர் யாராவது எடுத்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பிள்ளையின் வகுப்பு பண்ணைக்குப் போகிறது என்று கடிதம் வந்தால் டீச்சரிடம் மூன்று விஷயம் கேட்கலாம். பிள்ளைகள் அங்கே என்ன வேலை செய்யப்போகிறார்கள்? போவதற்கு முன் வகுப்பில் எதைப் பற்றிப் பேசியிருப்பார்கள்? திரும்பவும் போவார்களா? முதல் கேள்விக்கு "விலங்குகளைப் பார்ப்பார்கள்" என்று மட்டும் பதில் வந்தால், பண்ணையிடம் ஒரு தொழுவத்தைக் கூட்டாமல் விட்டுவைக்கும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், பெரும்பாலான பண்ணைகள் சந்தோஷமாக ஒத்துக்கொள்ளும். மூன்றாவதற்கு "இல்லை" என்று வந்தால் மிச்சத்தை வீட்டில் இருந்தே செய்யலாம். பல நகரப் பண்ணைகளில் வார இறுதியிலோ பள்ளி முடிந்த பிறகோ 'இளம் விவசாயிகள்' என்று ஒரு குழு இருக்கும், எட்டு வயது, பத்து வயதிலிருந்து சேர்த்துக்கொள்வார்கள், பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவேண்டி வரலாம். வகுப்போடு ஒரு நாள் வந்துவிட்டு, அந்த ஆட்டை மறுபடி பார்க்கவேண்டும் என்று அடம்பிடித்துச் சேரும் பிள்ளைகள் அங்கே நிறைய.